அமெரிக்கால வாங்குன ரவுட்டர்ல ரீஜன் மாத்த முடியல, மதியம் ஆனா வைஃபையே காணோம், யாராச்சும் வழி சொல்லுங்க

தஞ்சைமண் · 12 நவம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், எது முக்கியம் எது முக்கியமில்லன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல, அதனால நடந்தத அப்படியே சொல்லிடுறேன்.

எங்க அண்ணன் சான் ஹோசேல இருக்காரு. செப்டம்பர்ல ஊருக்கு வந்தப்ப அவர் வீட்டுல ரெண்டு வருஷம் ஓடுன ரவுட்டரக் கொண்டாந்து தஞ்சாவூர்ல அப்பா அம்மா வீட்டுல மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. ஃபைபர்காரங்க வச்ச பெட்டிலேர்ந்து ஒரு கேபிள் இதுக்கு வருது, அவ்ளோதான். நான் சென்னைல வேலை, லீவு கெடைச்சாதான் ஊருக்குப் போவேன்.

பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, பின்கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை (ரவுட்டர் 2.4, 5ன்னு ரெண்டு விடுதுல்ல, அதுல வேகமானது) வரவே மாட்டேங்குது. பழைய வீடு, முத்தம் வச்சது, சுவரெல்லாம் ஒண்ணரை அடி கனம். ரெண்டாவதுதான் பெருசு. தினமும் மதியம் ஆனா வைஃபை பேரே போன்ல காட்ட மாட்டேங்குது, சாயங்காலத்துக்கு மேல தானா வந்துடுது. அப்பா ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், 3 மணிக்கு நாலு பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு சொல்லிக் குடுக்குறாரு, அந்த நேரம் பாத்து போயிடுது. ரவுட்டர் சூடாகி நின்னுடுதுன்னு நெனச்சு அதுக்கு நேரா ஒரு டேபிள் ஃபேனத் திருப்பி வச்சிருக்காரு. அதப் பாத்துட்டு எனக்கு மனசே கேக்கல.

செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா ரீஜன்ங்கற எடத்துல யுனைட்டட் ஸ்டேட்ஸ்னு இருக்கு, சாம்பல் கலர்ல, தொட முடியல. அமெரிக்கா ரீஜன்ல இருக்கறதாலதான் இங்க சரியா வேலை செய்யலன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. இத இந்தியாவுக்கு மாத்துறது எப்படி? வேற ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடுற மென்பொருள்) போடணுமா? அண்ணன்ட்ட கேட்டா அங்க நல்லாத்தானே ஓடுச்சுங்கறாரு.

வேகப்புலி · 12 நவம்பர் 2024

ப்ரோ இது சிம்பிள். அதே மாடலோட ஐரோப்பா ஃபர்ம்வேர் டவுன்லோட் பண்ணி ஏத்துங்க, ரீஜன் லிஸ்ட் முழுசா திறந்துக்கும். அப்புறம் பவர் அதிகமா விடுற நாடு எதையாச்சும் செலக்ட் பண்ணீங்கன்னா சிக்னல் பின்கட்டுக்கு என்ன, பக்கத்து தெருவுக்கே போகும். என் ரூம்ல நான் அப்படித்தான் வச்சிருக்கேன், பொலிவியா போட்டிருக்கேன், கட்டம் நாலும் ஃபுல்லா காட்டுது.

மதுரை_கேபிள் · 12 நவம்பர் 2024

அண்ணே ஃபர்ம்வேர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி நான் கேக்குற மூணு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

வைஃபை போற நேரத்துல, ரவுட்டர்ல கேபிள்ல நேரா சொருவி இருக்குற டிவியோ கம்ப்யூட்டரோ இருந்தா அதுல நெட்டு வருதா? போற நேரம் வர்ற நேரம் கரெக்டா எத்தன மணி, அப்பாட்ட கேட்டு எழுதுங்க. 2.4 கிகாவும் சேந்து போகுதா, இல்ல 5 மட்டுமா?

சூடுன்னு சொன்னீங்க, இப்ப ஒங்க ஊர்ல அடைமழைக் காலம்ணே. ஏப்ரல் மே மாசம்னா நம்பிருப்பேன்.

ரிச்சி_தெரு · 13 நவம்பர் 2024

வேகப்புலி சொன்னத தயவுசெஞ்சு செய்யாதீங்க, நான் செஞ்சு பட்டவன். போன வருஷம் ஒரு அமெரிக்க மாடல் ரவுட்டர், அடில ஒட்டியிருக்குற லேபிள்ல மாடல் நம்பர், வெர்ஷன் நம்பர் எல்லாம் ஐரோப்பா மாடலோடது மாதிரியே இருந்துச்சு, அதனால ஒண்ணும் ஆகாதுன்னு ஏத்துனேன். ஏறுச்சு. ரீபூட் ஆகி வந்தா 2.4 மட்டும் இருக்கு, 5 கிகாஹெர்ட்ஸ் மெனுலயே இல்ல. திரும்பப் பழைய ஃபர்ம்வேர் போடலாம்னா "இந்த ஃபைல் உங்க சாதனத்துக்குப் பொருந்தாது"ங்குது. மூணு ராத்திரி டிஎஃப்டிபி (கேபிள் வழியா ஃபைல நேரா ஏத்துற முறை) வழியா ஏத்திப் பாத்து கடைசில 2.4 மட்டும் வச்சு ஓட்டிட்டு இருக்கேன். வெர்ஷன் நம்பர் ஒண்ணா இருந்தாலும் உள்ள ரேடியோ பவர் ஆம்ப்ளிஃபயர் (சிக்னலப் பெருக்குற பாகம்) வேறயா இருக்கலாம், தொழிற்சாலைல ஒவ்வொரு பலகைக்கும் அளந்து எழுதுன அளவு அட்டவணை வேறயா இருக்கலாம், அது வெளிலேர்ந்து தெரியாது. கம்பெனிக்காரங்களே அவங்க டவுன்லோட் பக்கத்துல வேற நாட்டு ஃபைல போடாதேன்னு எழுதி வச்சிருக்காங்க, நான்தான் படிக்கல.

இன்னொன்னு, எல்லாரும் மறக்குறது: அடாப்டர். அதுல இன்புட்னு போட்டு 100-240ன்னு இருக்கான்னு பாருங்க. அமெரிக்கால 120 வோல்ட், நம்மூர்ல 230. இப்ப வர்றதுல பெரும்பாலும் 100-240தான், ஆனா பழசுல வெறும் 120னு இருக்கும். ஒருத்தர் ஜப்பான்லேர்ந்து கொண்டாந்தது 100 வோல்ட் மட்டும், பின்னு நம்ம சாக்கெட்டுக்கு கன்வெர்ட்டர் போட்டு சொருவி சுவிட்சப் போட்டதும் பட்டுன்னு ஒரு சத்தம், அடாப்டர் ஓரத்துல பிளாஸ்டிக் உப்பி பழுப்பா ஆயிடுச்சு. ரவுட்டர் தப்பிச்சுது. சென்னை ரிச்சி தெருல அதே 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வாங்கிக் குடுத்தேன், ஓடுது. வாங்குறப்ப வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதே அல்லது கூட இருக்கலாம், பின்னு நடுவுல பாசிட்டிவ்வான்னு அந்த வட்டப் படத்தப் பாத்துக்கோங்க, பின்னோட உள் விட்டம் 2.1 மில்லிமீட்டர் 2.5 மில்லிமீட்டர்னு ரெண்டு வருது, மாத்தி வாங்குனா லூசா நிக்கும், ரவுட்டர் அப்பப்ப தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும்.

கோவை_ரேடியோ · 13 நவம்பர் 2024

நான் கொஞ்சம் விளக்கமா சொல்றேனுங்க, ஏன்னா இந்த ரீஜன் விஷயத்த ஏதோ வேகம் கூட்டுற சுவிட்ச் மாதிரி ஜனங்க நெனச்சிட்டிருக்காங்க.

ரீஜன்னா ரெண்டே விஷயந்தானுங்க. எந்தெந்த சேனல்ல (அலைவரிசைத் துண்டுல) பேசலாம், எவ்வளவு பவர்ல பேசலாம். 2.4 கிகால அமெரிக்கால 1லிருந்து 11 வரைக்கும், நம்ம நாட்டுலயும் ஐரோப்பாலயும் 13 வரைக்கும், ஜப்பான்ல பழைய பி வகை வைஃபைக்கு மட்டும் 14 உண்டு. 5 கிகால 36லிருந்து 48 ஒரு கூட்டம், 52லிருந்து 64 ஒரு கூட்டம், 100லிருந்து 144 ஒரு கூட்டம், 149லிருந்து 165 ஒரு கூட்டம். நடுவுல இருக்குற ரெண்டு கூட்டத்துல ரேடார் இருக்கான்னு கேட்டுப் பாத்துட்டுத்தான் ரவுட்டர் வாயத் திறக்கணும், அதத்தான் டிஎஃப்எஸ்ங்கறாங்க.

இப்ப முக்கியமான சங்கதி. நம்ம நாட்டுல 2005 ஜனவரில 2.4 கிகாவுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு விதி வந்துச்சு, அதுல ட்ரான்ஸ்மிட்டர் 1 வாட், ஆண்டெனாவோட சேத்து 4 வாட் வரைக்கும். அமெரிக்காலயும் ஏறக்குறைய அதே அளவு. 5 கிகால ரொம்ப நாள் இறுக்கமா இருந்துச்சு, 2018 அக்டோபர்ல புது விதி போட்டு 5150லிருந்து 5350, 5470லிருந்து 5725, 5725லிருந்து 5875 மெகாஹெர்ட்ஸ்னு மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்து விட்டாங்க. அதனால தம்பி, உங்க அமெரிக்க ரவுட்டர் தப்பான நாட்டுக்கு வரலீங்க. அது பேசுற 36, 149 எல்லாமே இங்கயும் திறந்த சேனல்தான். ரீஜன இந்தியான்னு மாத்துனா உங்களுக்குக் கூடுதலா கெடைக்கறது 2.4ல 12, 13. அது இல்லாட்டி ஒண்ணும் குடி முழுகிடாதுங்க.

லண்டன்லயோ ஜெர்மனிலயோ வாங்குனதா இருந்தா வேற கதை. அங்க 36லிருந்து 64 வரைக்கும் 200 மில்லிவாட்தான், அதுவும் வீட்டுக்குள்ள. 149க்கு மேல வீட்டு ரவுட்டர்ல பெரும்பாலும் சேனலே இருக்காது. அந்த ரவுட்டர இங்க மாட்டுனா நம்ம நாட்டுல நிம்மதியா கெடைக்கற 149 கூட்டத்த இழக்குறீங்க, அதுக்கு மனசு கஷ்டப்படலாம், நியாயம்.

ஏன் சாம்பல் கலர்ல பூட்டி வச்சிருக்காங்கன்னா, அமெரிக்கால அந்த மெனுவ ஜனங்க கைல குடுக்கக் கூடாதுன்னு எஃப்சிசி, அதாவது அங்க ரேடியோவுக்கு விதி போடுற அரசு அமைப்பு, சொல்லிடுச்சுங்க. 2016 ஆகஸ்ட்ல டிபி-லிங்க்ங்கற ரவுட்டர் கம்பெனி மேல நடவடிக்கை எடுத்து 2 லட்சம் டாலர் கட்ட வச்சாங்க, காரணம் அமெரிக்கால வித்த ரவுட்டர்ல நாட்டுக் கோட மாத்தி அனுமதிச்சதுக்கு மேல பவர்ல 2.4 கிகாவ ஓட்ட முடிஞ்சது. அதே ஒப்பந்தத்துல, வெளி ஆளுங்க எழுதுற திறந்த ஃபர்ம்வேருக்கு வழி விடுறதுக்கு முயற்சி பண்ணணும்னும் எழுதியிருந்தாங்க, அது நல்ல விஷயம். அதுக்கப்புறம் எல்லா கம்பெனியும் அமெரிக்க மாடல்ல உஷாரா இருக்காங்க.

வேகப்புலி · 13 நவம்பர் 2024

சார் நீங்க சொல்றது விதிப்படி சரி, ஆனா எனக்கு நெஜமாவே கட்டம் கூடுச்சு, நான் பொய் சொல்லல. வீட்டுக்குள்ள வைக்கறத யாரு வந்து அளக்கப் போறாங்க?

கோவை_ரேடியோ · 13 நவம்பர் 2024

பொய்யின்னு நான் சொல்லலீங்க தம்பி. கட்டம் கூடியிருக்கும். ஆனா கட்டம் காட்டுறது ரவுட்டர் பேசுறது உங்க போனுக்கு எவ்வளவு சத்தமா கேக்குதுங்கறது மட்டுந்தான். உங்க போன் திருப்பிப் பேசணும்ல? போன்ல இருக்குறது சின்ன பேட்டரி, சின்ன ஆண்டெனா, அதோட சத்தம் அவ்வளவுதான். கொல்லைல நிக்கறவர மைக் வச்சு கூப்பிட்டா அவருக்கு நல்லாக் கேக்கும், அவர் அங்கிருந்து சாதாரணமா பதில் சொன்னா நமக்குக் கேக்காதுங்க. அதான் கட்டம் ஃபுல்லா இருக்கும், வீடியோ கால்ல உங்க மூஞ்சி மட்டும் எதிராளிக்கு உறைஞ்சு நிக்கும். அப்படி நடந்திருக்கா இல்லையா, யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு நஷ்டமும் இருக்குங்க. ஆம்ப்ளிஃபயர அதோட அளவுக்கு மேல ஓட்டுனா சிக்னல் வடிவம் கெடும், உடனே ரவுட்டர் வேகமான மோடுலேர்ந்து மெதுவான மோடுக்கு எறங்கிடும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல சத்தத்த முழுசா வச்சா பாட்டு கரகரன்னு என்ன வார்த்தைன்னே புரியாதுல்ல, அதேதான். பக்கத்து ரூம்ல சிக்னல் பிரமாதமா இருந்தும் ஸ்பீடு கம்மியா இருக்கும்.

யாரு அளக்கப் போறாங்கன்னு கேட்டீங்க. லைசென்ஸ் வேண்டாங்கற சலுகையே அந்த அளவுக்குள்ள இருந்தாத்தான். அத விட, அடுக்குமாடில பத்து வீட்டு ரவுட்டர் ஒரே காத்துல பேசுது, நாம மட்டும் கத்துனா பக்கத்து வீட்டுப் பாட்டியோட டாக்டர் கால் அறுந்து போகும். எனக்கு அதுதான் பெருசாப் படுது.

குமரி_கடலோரம் · 14 நவம்பர் 2024

கோவைக்காரர் ரேடார்னு சொன்னதால இத எழுதுறேன். நம்ம ஊர்ல எங்க ரேடார்னு பல பேரு நெனப்பாங்க. எங்க ஊருக்குப் பக்கத்துலயே, திருவனந்தபுரம் தும்பால சி-பேண்ட் டாப்ளர் வானிலை ரேடார் இருக்கு. சி-பேண்ட்னா 5 கிகா பக்கம், நம்ம வைஃபை 120, 124, 128 சேனல் ஓடுற 5600லிருந்து 5650 மெகாஹெர்ட்ஸ் உலகம் பூரா வானிலை ரேடார்காரங்க பயன்படுத்துற எடம். ஓகி புயல் அன்னைக்கு கடலுக்குப் போனவங்க வீட்டு வாசல்ல நின்ன ஊரு எங்க ஊரு. ரீஜன மாத்தி ரேடார் பாக்குற வேலைய நிறுத்திப் போடலாம்னு சில வீடியோல சொல்லித் தாராங்க, அத யாரும் செய்யாதீங்க, கேட்டுக்கிடுங்க. கனடால அந்த 5600-5650 துண்ட வைஃபைக்குக் குடுக்கவே இல்ல, அங்கயும் காரணம் வானிலை ரேடார்தான்.

ஒரு சின்ன விஷயமும் சேத்து சொல்லிடுறேன். 52லிருந்து 144க்குள்ள சேனல் வச்சா, ரவுட்டர் ஆன் பண்ணதும் 5 கிகா பேரு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் வரும், கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, அது காது குடுத்துக் கேட்டுட்டு இருக்கு. ஐரோப்பா ரவுட்டர்ல 120, 124, 128 வச்சா பத்து நிமிஷம். நடுவுல ரேடார் கேட்டுச்சுன்னா சேனல விட்டு எழும்பிப் போயி அரை மணி நேரம் அந்தப் பக்கம் வராது.

தஞ்சைமண் · 14 நவம்பர் 2024

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. மதுரை அண்ணன் கேட்டதுக்கு அப்பாட்ட விசாரிச்சுட்டேன்.

டிவி கேபிள்ல இருக்கு, மதியமும் நல்லா ஓடுதாம், அம்மா சீரியல் பாக்குறாங்களாம். அப்ப நெட்டு இருக்கு, வைஃபை மட்டுந்தான் போகுது. 2.4, 5 ரெண்டு வைஃபையோட பேருமே லிஸ்ட்ல இல்ல. நேரம் கேட்டேன், அப்பா டைரில குறிச்சு வச்சிருக்காரு, வாத்தியார் ஆச்சே. அக்டோபர் பூரா 11:30க்குப் போயி சாயங்காலம் 6:30க்கு வந்திருக்கு. இந்த மாசம் 4ம் தேதிலேர்ந்து 12:30க்குப் போயி 7:30க்கு வருதாம். "வெயில் கொறைஞ்சதால ஒரு மணி நேரம் தள்ளிப் போகுது போலருக்கு"ங்கறாரு.

மதுரை_கேபிள் · 14 நவம்பர் 2024

அண்ணே! அப்பா டைரிக்கு ஒரு கும்புடு போட்டுக்கிறேன். விசயம் புடிபட்டுருச்சு.

அமெரிக்கால நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாய்ங்க, இந்த வருசம் நவம்பர் 3. மறுநாள்லேர்ந்து ஒங்க வீட்டு வைஃபையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கு. வெயிலு மழைக்கெல்லாம் அப்புடி மணி அடிச்ச மாதிரி போகத் தெரியாதுண்ணே. ரவுட்டர் இன்னும் சான் ஹோசே நேரத்துலதான் ஓடிக்கிட்டு இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, இப்ப நமக்கும் அங்கிட்டுக்கும் பதிமூணரை மணி நேர வித்தியாசம். நம்ம மதியம் 12:30ன்னா அங்க ராத்திரி 11. நம்ம 7:30ன்னா அங்க காலைல 6. ராத்திரி பதினொண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் வைஃபைய அணைச்சு வைன்னு ஒங்க அண்ணன் அங்க இருக்கைல ஏதோ செட் பண்ணிருக்காரு, புள்ளைக முழிச்சுக் கெடக்கக் கூடாதுன்னு வச்சிருப்பாரு. அது மறந்து இங்க வந்துருச்சு.

ரீஜன விடுங்கண்ணே. வயர்லெஸ் ஷெட்யூல்னு ஒரு மெனு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. சிஸ்டம்ல டைம் ஸோன போயி கொல்கத்தா, ஜிஎம்டி கூட்டல் 5:30ன்னு வைங்க, டேலைட் சேவிங்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துருங்க.

தஞ்சைமண் · 14 நவம்பர் 2024, ராத்திரி

அண்ணே அதேதான்!! 8:10க்கு அப்பாவ வீடியோ கால்ல வச்சுக்கிட்டு ஒவ்வொரு மெனுவா போகச் சொன்னேன். அவர் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சு படிக்கிறாரு, "சிஸ்டம் டைம், ஆறு நாப்பது, ஏ எம்"ன்னு. அத முழுசாப் படிச்சு முடிச்சுட்டு செவத்துக் கடிகாரத்தத் திரும்பிப் பாத்தாரு, அப்புறம் ஒண்ணும் சொல்லாம எழுந்து போயி ஃபேன ஆஃப் பண்ணாரு.

ஷெட்யூல்ல "பெட்டைம்"னு பேரு வச்சு 11 பிஎம் டு 6 ஏஎம். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், ரெண்டு வருஷம் முன்னாடி பையனுக்காகப் போட்டதாம், சுத்தமா மறந்துட்டாராம், அப்பாட்ட மன்னிப்பு கேட்டாரு. எல்லாம் மாத்தியாச்சு. நாளைக்கு மதியம் பாத்துட்டு சொல்றேன்.

தஞ்சைமண் · 15 நவம்பர் 2024

மணி 3:40. க்ளாஸ் நடந்துட்டு இருக்கு. அவ்ளோதான் சொல்ல வந்தேன்.

யாழ்_பனை · 19 நவம்பர் 2024

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், இந்த இழையை முழுக்க வாசிச்சனான். எனக்கும் கிட்டத்தட்ட உந்தப் பிரச்சினைதான், ஆனா தலைகீழா.

மாமா ரொறொன்ரோவில இருந்து வரேக்க எனக்கு லப்டொப் ஒண்டு கொண்டு வந்து தந்தவர். வீட்டில இருக்கிற றவுட்டர் இஞ்சத்தைய கொம்பனி தந்தது. எல்லாற்ற போனிலயும் வைஃபை காட்டுது, லப்டொப்பில மட்டும் 2.4 பேர் காட்டுதே இல்லை. சில நாள் காட்டும், மின்சாரம் போய் வந்தாப் பிறகு காணாமல் போயிடும். லப்டொப்பின்ர ரீஜனை மாத்தினா சரிவருமோ? விண்டோஸில நாட்டை சிறிலங்கா எண்டு மாத்திப் பாத்தனான், ஒண்டும் நடக்கேல்லை. ஏனெண்டு விளங்கேல்ல.

கோவை_ரேடியோ · 19 நவம்பர் 2024

நல்ல கேள்விங்க. விண்டோஸ்ல நாடு மாத்துறது தேதி, பணம் எப்படிக் காட்டணுங்கறதுக்குத்தான், வைஃபை ரேடியோவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க.

உங்க றவுட்டர் சேனல் ஆட்டோல இருக்கும். ஒவ்வொரு தடவ கரண்ட் போயி வர்றப்பவும் எது காலியோ அதப் புடிக்கும், சில நாள் அது 12 இல்லன்னா 13. வட அமெரிக்கால விக்கற லப்டொப் பல 11க்கு மேல கேக்கவே கேக்காது, அதுக்கு அப்படி ஒரு சேனல் இருக்கறதே தெரியாது. சேனல ஆட்டோலேர்ந்து எடுத்து 1, 6, 11 மூணுல ஒண்ணு வச்சுடுங்க. அங்கிருந்து கொண்டு வர்ற வைஃபை பல்ப், ஸ்மார்ட் பிளக்குக்கும் இதே மருந்துதானுங்க.

இன்டெல் வைஃபை கார்டுன்னா இன்னொரு குணம் உண்டு. சுத்தி இருக்குற றவுட்டருங்க தங்களோட அறிவிப்புல நான் இந்த நாட்டு றவுட்டர்னு சொல்லும், அதக் கேட்டு கார்டு தானா அந்த நாட்டு விதிக்கு மாறிக்கும். அதனாலதான் நான் றவுட்டர்ல எந்த நாட்டுல இருக்கோமோ அந்த நாட்ட வைக்க முடிஞ்சா வைங்கன்னு சொல்றது. ஓப்பன்டபிள்யூஆர்டிங்கற திறந்த ஃபர்ம்வேர் போட்ட ரவுட்டர்னா வயர்லெஸ்ல அட்வான்ஸ்டு செட்டிங்ல கன்ட்ரி கோடுன்னு ஒண்ணு இருக்கும், அங்க நேர்மையா இருக்குற நாட்டப் போட்டுட்டுப் போயிடலாம். 00ன்னு இருந்தா எந்த நாடுன்னே தெரியாதுன்னு அர்த்தம், அப்ப அது எல்லா ஊருக்கும் பொதுவான குறுகின விதிலதான் ஓடும், 5 கிகால பல சேனல்ல அதுவா வாய் திறக்காது. ஆனா ஒண்ணுங்க, சில பழைய சிப்புல தொழிற்சாலைலயே நாடு எழுதி வச்சிருப்பாங்க, நீங்க எத வச்சாலும் ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது மட்டுந்தான் கெடைக்கும்.

யாழ்_பனை · 20 நவம்பர் 2024

ஐயா, பாத்தன், 13இல தான் நிண்டது. 6க்கு மாத்தினவுடன லப்டொப்பில பேர் வந்திட்டுது. ரெண்டு கிழமையா அண்ணாவின்ர போன் டேட்டாவில படிச்சனான். பெரிய உபகாரம்.

இஞ்ச வேற ஆரும் கனடாவில இருந்து றவுட்டர் எடுப்பிக்கிறதெண்டா அடப்டரில 100-240 எண்டு இருக்கோ எண்டு பாருங்கோ. பிளக்கும் பாக்க வேணும், இலங்கையில 2017இல இருந்து சதுர மூண்டு பின் தான் நியமம், பழைய வீடுகளில வட்டப் பின் தான் இன்னும் கிடக்கு. எங்கட வீட்டில ரெண்டும் இருக்கு.

ரிச்சி_தெரு · 20 நவம்பர் 2024

இதையும் சேத்துக்கோங்க: அமெரிக்கால ஆஃபர்ல வாங்குறப்ப மோடமும் ரவுட்டரும் ஒண்ணா இருக்குற பெட்டிய வாங்கிட்டு வராதீங்க. அது கேபிள் டிவி ஒயர்ல நெட்டு வர்ற ஊருக்கு. இங்க ஃபைபர் வீட்டுல அதோட மோடம் பாதி சும்மா கெடக்கும், பலதுல ரவுட்டர் பாதிய மட்டும் தனியா ஓட்டவும் விட மாட்டாங்க.

தஞ்சைமண் · 16 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கேன். மொத பிரச்சனை பாக்கி இருந்துச்சுல்ல, பின்கட்டு, அத இன்னைக்கு உக்காந்து பாத்தேன்.

ரவுட்டர் இருந்த எடம் முன்கட்டுல ஸ்டீல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல. சிக்னல் அளக்குற ஒரு ஆப் போட்டு அடுப்படில அளந்தேன், 5 கிகா மைனஸ் 84 (பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் நல்லது). முத்தத்த ஒட்டுன ரேழி சுவர்ல ஆளுயரத்துக்கு மேல ஆணி அடிச்சு மாட்டுனேன். முத்தம் திறந்த வெளியா இருக்கறதால ஒரு சுவர் கொறையுது. அடுப்படில இப்ப மைனஸ் 68. சேனல் ஆட்டோல 36 புடிச்சிருந்துச்சு, 149 வச்சுப் பாத்தேன், பெருசா வித்தியாசமில்ல, ஆனா பக்கத்து வீடு ரெண்டுமே 36ல இருந்ததால 149லயே விட்டுட்டேன். கொல்லைல கெணத்தடிக்கு இன்னும் வரல. அங்க 2.4 போதும்.

ரீஜன் இன்னும் யுனைட்டட் ஸ்டேட்ஸ்னுதான் சாம்பல் கலர்ல இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

ஃபைபர்காரங்க பெட்டியும் ரவுட்டர் வேலை செய்யுது, இதுவும் செய்யுது, இது சரியா?

மதுரை_கேபிள் · 16 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துண்ணே. ரெண்டும் ரவுட்டரா இருந்தா பாதிப்பு பெருசா தெரியாது, ஆனா சில கேம், கேமரா, ஆபீஸ் விபிஎன் மக்கர் பண்ணும். ஒங்க ரவுட்டர ஆக்சஸ் பாயிண்ட் மோடுல போட்டுருங்க, நெட்டுக்காரன் பெட்டி ரவுட்டர் வேலையப் பாக்கட்டும், இது வைஃபை மட்டும் விடட்டும். அப்புடியே அவிய்ங்க பெட்டில இருக்குற வைஃபைய அணைச்சுருங்க, ரெண்டும் சண்டை போட வேணாம். மாத்துனதும் இதோட அட்மின் பக்க முகவரி மாறிரும், அத ஒரு தாள்ல எழுதி ரவுட்டர் பின்னாடி ஒட்டிட்டுப் போங்க, இல்லன்னா அடுத்த தடவ அப்பாதான் தேடுவாரு.

வேகப்புலி · 17 ஜனவரி 2025

கோவை சார், நீங்க அன்னைக்கு கேட்டீங்கல்ல, வீடியோ கால்ல மூஞ்சி உறைஞ்சு நிக்குமான்னு. நின்னுட்டுதான் இருந்துச்சு, நான் நெட்டு கம்பெனியத் திட்டிட்டு இருந்தேன். பொலிவியாவ எடுத்துட்டு இந்தியா போட்டு, ரவுட்டர அலமாரிக்குள்ளேர்ந்து வெளிய எடுத்து வச்சேன். கட்டம் ஒண்ணு கொறைஞ்சுது, வீடியோ கால் உறைஞ்சு நிக்கல. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்துனதால எதனால சரியாச்சுன்னு சொல்ல முடியல, ஆனா திரும்ப பழசுக்குப் போகப் போறதில்ல.

தஞ்சைமண் · 24 மே 2025

இழைய மறுபடி எழுப்புறதுக்கு மன்னிக்கணும். அண்ணன் அடுத்த மாசம் வர்றாரு, அங்க வைஃபை 6இ ரவுட்டர் மலிவா கெடைக்குதாம், 6 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் இருக்காம், வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்குறாரு. இங்க 6 கிகா திறந்தாச்சுன்னு செய்தி பாத்தேன், நெஜமா?

கோவை_ரேடியோ · 25 மே 2025

2025 மே வரைக்கும் இல்லீங்க. இந்த மாசம் வந்திருக்கறது வரைவு விதி. 5925லிருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், வீட்டுக்குள்ள கொறஞ்ச பவர்ல, வெளில மிகக் கொறஞ்ச பவர்ல விடலாம்னு போட்டு கருத்து கேட்டிருக்காங்க. முடிவான விதி வந்தாத்தான் கணக்கு. அமெரிக்கால 2020ல 5925லிருந்து 7125 வரைக்கும் மொத்தமாத் திறந்துட்டாங்க, அதனால அங்க வாங்குன ரவுட்டர் 6425க்கு மேலயும் போய் உக்காரப் பாக்கும், இங்க அது வைஃபைக்கு இல்லாத எடம். நாடு பூட்டுன பெட்டில அத நீங்க தடுக்கவும் முடியாது, 6 கிகாவ மொத்தமா அணைச்சு வைக்கறது ஒண்ணுதான் வழி. அணைச்சு வைக்கறதுக்கு எதுக்குங்க வாங்கிட்டு வரணும்?

இருக்குற ரவுட்டர் ஓடுதுன்னா ஓட்டுங்க. அண்ணன ரெண்டு 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸுக்கு (கரண்ட் போனாலும் ஓட வைக்கற சின்ன பேட்டரிப் பெட்டி) மட்டும் காசு குடுக்கச் சொல்லுங்க, அது இங்கயே கெடைக்கும். ஒண்ணு ஃபைபர் பெட்டிக்கு, ஒண்ணு ரவுட்டருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டர்லயும் அவுட்புட்னு போட்டிருக்கறது 12 வோல்ட்தானான்னு அப்பாவப் படிக்கச் சொல்லுங்க.

தஞ்சைமண் · 25 மே 2025

படிச்சுட்டாரு ஐயா. ரவுட்டருது 12 வோல்ட் 2.5 ஆம்பியர், ஃபைபர் பெட்டிது 12 வோல்ட் 1 ஆம்பியர். டைரிலயும் எழுதிக்கிட்டாரு. அண்ணன்ட்ட சொல்லிட்டேன், ரவுட்டர் வேணாம்னு.